வளைகோலும் கொடுங்கோலும்

விழுப்புரம் சந்திப்பில் ஐந்து இருப்புப்பாதைகள் கூடுகின்றன. வடக்கு நோக்கிய வண்டியில் ஏறுபவன் திண்டிவனத்தையும் செங்கற்பட்டையும் கடந்து சென்னை எழும்பூரில் இறங்குகிறான். அங்கிருந்து நடந்து போகும் தொலைவில் இருக்கிறது மேயர் இராதாகிருட்டிணன் திடல். ‘ஆக்கி’ என்று ஊரார் சொல்லும் வளைகோற்பந்தாட்டத்திற்குத் தமிழகத்தின் தலைமைக் களம் அது. 2023 ஆகத்துத் திங்கள் 3 முதல் 12 வரை ஆசிய வாகையர் கோப்பைப் போட்டி அங்கே நடந்தது. அரையிறுதியில் யப்பானுக்கு எதிராக விழுந்த ஐந்து இலக்குகளில் ஒன்றை அடித்தவர் அரியலூர் இளைஞர் கார்த்தி செல்வம். இறுதியாட்டத்தில் மலேசிய அணி 4-3 என்னும் கணக்கில் வீழ்ந்தது.

ஆட்டம் நடந்த மண் தமிழ்மண். திடல் தமிழ்நாட்டரசின் திடல். அதன் புற்றரையும் ஒளிவிளக்கும் தமிழ்மக்களின் வரிப்பணம். ஆயினும் அதைத் தொலைக்காட்சியில் காட்டும் உரிமை இசுடார் என்னும் தனியார் வலையத்திடமும், இணையத்தில் காட்டும் உரிமை பேன்கோடு என்னும் தனியார் செயலியிடமும் இருந்தன. விழுப்புரத்தில் வண்டியேற வாய்ப்பற்ற பள்ளிப் பிள்ளை தன் நாட்டு அணியின் ஆட்டத்தைத் தன் வீட்டிலிருந்து காண வேண்டுமானால், யாரோ ஒரு வணிகனின் பெட்டியில் காசு விழ வேண்டும். தமிழ்மரபில் வளைந்த கோலுக்குக் கொடுங்கோல் என்று பெயர். ஆடுகளத்தில் மட்டுமே அதற்குப் பெருமை உண்டு. அந்தப் பெருமையை ஆடுகளத்திற்கு வெளியே நின்று யார் யார் வளைத்துக்கொண்டனர் என்பதை முதலிலிருந்தே பார்க்க வேண்டும்.

இந்த ஆட்டத்தின் ஒலிபரப்பு ஒரு காலத்தில் முழுமையாக நடுவண் அரசின் கையில் இருந்தது. 1975 மார்ச்சுத் திங்கள் 15ஆம் நாள் கோலாலம்பூரில் உலகக் கோப்பை இறுதியாட்டம். பாக்கித்தானை 2-1 என்று இந்திய அணி வென்றது. அணித்தலைவர் அசித்பால் சிங். வெற்றி இலக்கை அடித்தவர் தியான்சந்தின் மகன் அசோக்குமார். அந்த வெற்றியை இந்தியத் துணைக்கண்டத்தின் மூலை முடுக்கெல்லாம் கொண்டுசேர்த்தது வானொலி. அதன் வாயாக இருந்தவர் சசுதேவ் சிங் என்னும் இந்தி விளக்கவுரையாளர். பேராற்றல் வாய்ந்தவர்தாம், ஐயமில்லை. ஆனால், திண்டிவனத்துத் தேநீர்க்கடையில் வானொலிப் பெட்டியைச் சுற்றி நின்ற உழவனுக்கும் வண்டிக்காரனுக்கும் அந்த ஆற்றல் என்ன தந்தது? குரல் உயர்ந்தால் பந்து இலக்கை நெருங்குகிறது, கூட்டம் இரைந்தால் இலக்கு விழுந்துவிட்டது என்று குறிப்பால் உணர்ந்துகொள்ள வேண்டிய நிலையைத் தந்தது. இந்தி சற்று நேரம், ஆங்கிலம் சற்று நேரம் என்று மாறி மாறி வந்த அந்தத் தில்லி அஞ்சலில் தமிழுக்கு ஒரு நொடியும் இல்லை. பந்து போன பக்கம் அறியாமலே தமிழன் கைதட்டினான்.

அந்தக் கைதட்டலுக்கும் அவன் காசு கொடுத்தான் என்பதை மறத்தலாகாது. 1980-களின் இடைப்பகுதி வரை வானொலிப் பெட்டி வைத்திருந்தவன் ஆண்டுதோறும் அஞ்சலகத்தில் உரிமக் கட்டணம் கட்டி வந்தான். கட்டணச் சீட்டில் தமிழனுக்கு இடமிருந்தது. அஞ்சலில்தான் இல்லை.

1980ஆம் ஆண்டு மாசுகோ ஒலிம்பிக்கில் இன்னுங் கொடிய வேடிக்கை நடந்தது. இசுபெயினை 4-3 என்று வென்று எட்டாம் முறையாகப் பொன் வென்ற இந்திய அணியின் தலைவர் வாசுதேவன் பாசுகரன் தமிழகத்தவர். 1928இல் தொடங்கிய அந்தப் பொன்வரிசையில் இன்றுவரை கடைசிப் பொன் அதுவே. தமிழன் தலைமையேற்று வென்ற வெற்றியைத் தமிழன் காதுக்குக் கொண்டுவந்த மொழிகள் இந்தியும் ஆங்கிலமும்! தலைவன் தமிழனாகலாம், தடியும் தமிழன் பிடிக்கலாம், வெற்றியைச் சொல்லும் நா மட்டும் தமிழனுடையதாகக் கூடாது என்பதே தில்லியின் ஒலிபரப்புக் கொள்கையாக இருந்தது.

தொலைக்காட்சி வந்தபோதும் இதே கதை. சென்னை நிலையம் 1975 ஆகத்து 15இல் தொடங்கியது. 1982 ஆகத்து 15 முதல் ‘தேசிய நிகழ்ச்சி’ என்னும் பெயரில் தில்லியின் நிகழ்ச்சிகள் எல்லா நிலையங்களிலும் கட்டாயமாகத் திணிக்கப்பெற்றன. வண்ண ஒளிபரப்பும் அப்போதே வந்தது. வண்ணம் பல, மொழி மட்டும் ஒன்று. அவ்வாண்டு இறுதியில் தில்லி ஆசிய விளையாட்டில் பாக்கித்தானிடம் 1-7 என்று இந்திய அணி தோற்றதையும் தமிழன் அந்த மொழியிலேயே பார்த்தான். தோல்வியைப் புரிந்துகொள்ள மொழி தேவைப்படவில்லை என்பது வேறு செய்தி.

எனவே, ‘அரசு ஒளிபரப்பாளர் கையிலிருந்து வளைகோற்பந்து தனியார் கைக்குப் போய்விட்டதே’ என்று இன்று கண்ணீர் வடிக்கின்றவர்கள், அழுவதற்கு முன் யாருக்காக அழுகின்றனர் என்பதைத் தெளிந்துகொள்ள வேண்டும். போனது தமிழன் வீட்டுப் பொருளன்று. தமிழன் காசில் வாங்கித் தில்லி தன் கைப்பெட்டியில் வைத்திருந்த பொருள். பெட்டியின் பூட்டு மாறியிருக்கிறது, அவ்வளவே. பெட்டியின் பெயரையாவது தமிழாக விட்டுவைத்தார்களா? ‘ஆகாசவாணி’ என்னும் வடசொல்லைத் தமிழர் ஏற்க மறுத்து ‘வானொலி’ என்னும் இனிய சொல்லை நிலைநிறுத்தினர். 2023 மே திங்களில் மீண்டும் எங்கும் ஆகாசவாணி என்றே சொல்ல வேண்டும் என ஆணை பிறந்தது. 2024 சனவரி 19இல் சென்னையில் ஒரு விளையாட்டுத் திருவிழாவின் தொடக்க மேடையிலேயே, ‘பொதிகை’ என்னும் பெயரோடிருந்த தொலைக்காட்சி ‘டிடி தமிழ்’ ஆனது. அந்தத் திருவிழாவுக்குப் பெயர் ‘கேலோ இந்தியா’. ‘விளையாடு’ என்னும் தமிழ்ச்சொல் ஆளுநர்களின் நாவுக்குக் கசந்தது போலும்!

இனித் தனியாரிடம் வருவோம். 1993இல் நடந்த ஒரு மட்டைப்பந்துப் போட்டியின் ஒளிபரப்புரிமை பற்றிய வழக்கில், 1995 பிப்பிரவரி 9இல் உச்ச நயன்மன்றம் தீர்ப்பு வழங்கியது. வான்வழி அலைகள் பொதுமக்களின் உடைமை. அவை அரசின் தனியுரிமையும் ஆகா, தனியார் சிலரின் முற்றுரிமையும் ஆகா. பொதுநலனுக்கே பயன்பட வேண்டும் என்பது அதன் சாறு. பொன்னெழுத்தில் பொறிக்கத்தக்க தீர்ப்பு. அதன் முதற்பாதியைத் தனியார் வலையங்கள் பற்றிக்கொண்டன. பிற்பாதியை எவரும் தொடவில்லை.

அதன்பின் நடந்தவற்றை விரைந்து சொல்லலாம். 2005இல் ஈஎசுபிஎன்-இசுடார் வலையம் இந்திய வளைகோற்பந்துக் கூட்டமைப்போடு சேர்ந்து ‘பிரீமியர் ஆக்கி லீக்’ என்ற தொடரை நடத்தியது. காட்டுபவனே நடத்துபவனும் ஆனான். இரண்டு பாதிகளாக ஆடப்பெற்ற ஆட்டம் அதில் நான்கு துண்டாக வெட்டப்பெற்றது. 2014இல் பன்னாட்டுக் கூட்டமைப்பும் பதினைந்து நிமைய நான்கு துண்டுகளாக ஆட்டத்தை வகுத்துக்கொண்டது. ஆட்டக்காரர் இளைப்பாறுவதற்கு என்றார்கள். இளைப்பாறும் இடைவெளியில் யார் பேசுகிறார்கள் என்பதைப் பார்த்தவர் அறிவர்: சவர்க்காரமும் சரக்குந்தும். 2012இல் நிம்பசு நிறுவனம் ‘உலகத் தொடர்’ ஒன்றை நடத்தித் தன் நியோ தொலைக்காட்சியிலேயே காட்டியது. 2013 முதல் 2017 வரை இசுடார் காட்டிய ‘இந்திய ஆக்கி லீக்’ தொடரில் தமிழ்நாட்டிற்கு ஓர் அணியே இல்லை.

அணி இருந்தபோது வைத்த பெயர்களும் ஓர் ஆய்வுக்கு உரியன. 2005இல் ‘சென்னை வீரன்சு’. சொல்லின் தலை இந்நாட்டது, வால் ஆங்கிலத்தது. ‘வீரர்கள்’ என்றோ ‘மறவர்’ என்றோ சொல்ல நாணம். 2012இல் ‘சென்னை சீட்டாசு’. தமிழ்நாட்டுக் காட்டில் இல்லாத விலங்கு. 2024 திசம்பரில் மீண்டெழுந்த தொடரில் ‘தமிழ்நாடு டிராகன்சு’. இவ்வுலகிலேயே இல்லாத விலங்கு! வேங்கையும் யாளியும் களிறும் இலக்கியத்தில் நிறைந்த ஒரு மொழியின் மக்களுக்கு, இருபது ஆண்டில் மூன்று முறை பெயர் வைத்தும் ஒரு தமிழ்ப்பெயர் கிட்டவில்லை.

இவற்றிற்கிடையே மக்களுக்குச் சற்று உதவக்கூடிய சட்டம் ஒன்று 2007இல் வந்தது. ஒலிம்பிக்கு, ஆசிய விளையாட்டு முதலான, நாட்டுக்குத் தலையாயவை என அறிவிக்கப்பெற்ற போட்டிகளின் ஒளிபரப்பலையைத் தனியார் வலையம் அரசு ஒளிபரப்பாளரோடு பகிர்ந்துகொள்ள வேண்டும். தொலைக்காட்சி விளம்பர வருவாயில் நூற்றுக்கு எழுபத்தைந்து உரிமையாளனுக்கு, இருபத்தைந்து அரசு ஒளிபரப்பாளருக்கு. இச்சட்டத்தை வைத்துத்தான், ‘காசில்லாதவனும் காணலாமே, பின் எதற்குக் கூச்சல்?’ என்று சிலர் கேட்கின்றனர்.

காண இயலாது என்பதே விடை. 2017 ஆகத்தில் உச்ச நயன்மன்றம் இச்சட்டத்திற்கு ஒரு வரம்பு கட்டியது. பகிர்ந்துபெற்ற அலையை அரசு ஒளிபரப்பாளர் தம் தரைவழி அலைபரப்பிகளிலும் தம் விலையில்லா நேரடிக் கிண்ணத்திலும் மட்டுமே காட்டலாம். ‘கேபிள்’ என்று ஊர் வழங்கும் கம்பிவடத்தின் வழியே போகும் அரசு அலைவரிசையில் காட்டலாகாது என்பது அத்தீர்ப்பு. சட்டத்தின் சொற்களை வைத்துப் பார்த்தால் தீர்ப்பைக் குறை சொல்ல இயலாது. சட்டம் அப்படி எழுதப்பெற்றிருந்தது. விழுப்புரத்தில் அதன் விளைவு என்ன? நகரின் தெருக்களில் கம்பத்திற்குக் கம்பம் தொங்குவது கம்பிவடம். ஆகவே அவ்வீடுகளில் தூர்தர்சன் வரும், ஆட்டம் வராது. தரைவழி அலைபரப்பியாவது உண்டா? கூரைமேல் மீன்முள்போல் நின்ற அலைவாங்கிகளுக்கு அலையனுப்பிய அந்தக் கோபுரங்கள், 2022க்குள் ஏறத்தாழ நாடு முழுவதும் நிறுத்தப்பெற்றன. சட்டம் இரண்டு வாயில்களைத் திறந்தது. ஒன்றைத் தில்லியே மூடிவிட்டது. எஞ்சிய கிண்ணத்தைக் கூரைமேல் பொருத்தாதவன், 2019இல் வந்த கட்டண முறைப்படி முதலில் வழிக்கூலி, அதன்மேல் வரி, அதன்மேல் அலைவரிசைக்கு அலைவரிசை தனி விலை என்று கொடுத்துத் தீர வேண்டும். தான் உடைமையாளன் என்று நயன்மன்றமே சொன்ன வான்வெளியில், தமிழன் வாடகைக்கு இருக்கிறான்.

இங்கே ஓர் உண்மையை ஒளிக்காமல் ஒப்புக்கொள்ள வேண்டும். 2021 தோக்கியோ ஒலிம்பிக்கில், ஆகத்து 5ஆம் நாள், செருமனியை 5-4 என்று வென்று நாற்பத்தோராண்டுக்குப்பின் வளைகோற்பந்தில் இந்திய அணி வெண்கலம் பெற்றது. அவ்வொலிம்பிக்கைத் தமிழிலும் விளக்கியது யார்? சோனி என்னும் தனியார் வலையம். 2024 பாரிசில் இசுபெயினை 2-1 என்று வென்று மீண்டும் வெண்கலம் பெற்றபோது, தமிழை ஒரு மொழியாகச் சேர்த்துக்கொண்டது யார்? வயாகாம் என்னும் மற்றொரு தனியார் வலையம். ஐம்பதாண்டு வரிப்பணத்தில் அரசு செய்யாததை வணிகன் செய்தான். இதைச் சொல்ல வெட்கப்பட வேண்டியவர்கள் தில்லியில் இருக்கின்றனர், தமிழர் அல்லர்.

ஆனால், வணிகன் தமிழ்மீது கொண்ட காதலால் செய்தானா? தமிழில் பேசினால் தமிழ்நாட்டில் சவர்க்காரம் மிகுதியாக விற்கும் என்று கணக்கிட்டுச் செய்தான். இசுடார் வலையம் 2017இல் தமிழுக்கெனத் தனி அலைவரிசை தொடங்கியதும் அந்தக் கணக்கில்தான். அதன் அடித்தளம் மட்டைப்பந்து. பணப்பை கொடுக்கும் உரிமையைப் பணப்பையே பறித்துக்கொள்ளும். ஒலிம்பிக்கு நடக்கும் பதினைந்து நாளில் தமிழுக்கு இடம். மற்ற நாளில், கூட்டங் குறைந்த ஆட்டங்களில், எந்தச் சட்டமும் அவனைக் கேட்காது. தில்லியின் புறக்கணிப்பு ஒரு நோய் என்றால், வணிகனின் பரிவு வாரத்திற்கு ஒருநாள் மட்டும் வரும் மருத்துவன்.

தமிழில் ஆட்டத்தை விளக்க இயலுமா என்று இன்னும் கேட்பவர் உளர். மட்டைப்பந்து ஆங்கிலேயனின் ஆட்டம். அதன் நுணுக்கங்களோ தலைமுடியை எண்ணுவதற்கு ஒப்பானவை. அதையே சென்னை வானொலியில் அப்துல் சப்பார் போன்றோர் தமிழில் சொல்லிக் காட்டினர். சாத்தான்குளத்துக்காரரான அவர் குரலைக் கேட்டவர்கள், ஆட்டத்தைக் கண்ணால் கண்டவர்களைப் போலப் பேசிக்கொண்டனர். மட்டைப்பந்துக்கு வாய்த்த தமிழ் வளைகோற்பந்துக்கு வாய்க்காதா? இந்த ஆட்டத்தின் சொற்கள் தமிழுக்கு இன்னும் அணுக்கமானவை. அணி, தலைவர், நடுவர், இலக்கு, இலக்குக் காவலர், முன்னணியர், பின்காவலர் என்று பாதிச்சொற்கள் முன்பே புழங்குகின்றன. ‘பெனால்டி கார்னர்’ என்பதை ஒறுப்பு மூலை என்றால் ஆட்டம் நின்றுவிடாது. பந்தைத் தடியால் ஒட்டிக்கொண்டே ஓட்டிச் செல்வதற்கு ‘உருட்டல்’, தரையை விட்டு எழுப்பி வீசுவதற்குக் ‘கோரியெறிதல்’ என்று கோவிற்பட்டியில் தடிபிடிக்கும் சிறுவனுக்குச் சொன்னால் உடனே விளங்கும். ‘கோல்’ என்று அவன் கத்தும்போதுகூட, தன் கையிலுள்ள தடிக்கும் அதுவே பெயர் என்று அவனுக்கு ஒருவர் சொல்லித்தர வேண்டும்.

காதில் விழுவதே நாவில் நிற்கும். இதற்குச் சான்று தேடி நெடுந்தொலைவு போக வேண்டுவதில்லை, திண்டிவனமே சான்று. புளிய மரங்கள் அடர்ந்த காட்டுக்குத் ‘திந்திருணி வனம்’ என்று வடமொழியாளர் இட்ட பெயரே திண்டிவனமாகத் திரிந்தது என்பர். புளியங்காடு என்று சொன்னால் இன்று அவ்வூர்க்காரருக்கே அது வேற்றூர் போல் தோன்றும். ஒரு பெயரைப் பல தலைமுறை கேட்டதன் விளைவு அது. விளையாட்டு மொழியும் அவ்வாறே. பள்ளித் திடலில் உடற்பயிற்சி ஆசிரியர் ஆங்கிலச் சொல்லை ஏவுகிறார். வீட்டுத் தொலைக்காட்சி ஆங்கிலத்தையும் இந்தியையும் பொழிகிறது. இன்னும் இரண்டு தலைமுறை இப்படியே போனால், விழுப்புரத்துப் பிள்ளைக்குத் தமிழில் விளையாடவே தெரியாது.

செய்ய வேண்டியது என்ன? 2007ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஒரு திருத்தம் வேண்டும்: பகிர்ந்த அலை, கம்பிவடத்தின் வழிச் செல்லும் அரசு அலைவரிசையிலும் வர வேண்டும்; அந்தந்த மாநிலத்தில் அந்தந்த மாநில மொழியின் விளக்கத்தோடு வர வேண்டும். தமிழ்நாட்டு நாடாளுமன்ற உறுப்பினர்கள் இதைத் தனி வரைவாகவேனும் கொண்டுவரலாம். வானொலிக்கு எந்தச் சட்டமும் தேவையில்லை. சென்னை நிலையமும், விழுப்புரத்துக்கு அண்மையில் 1967 முதல் இயங்கும் புதுச்சேரி நிலையமும், எழும்பூர்த் திடலில் நடக்கும் ஆட்டத்திற்கு ஓர் ஒலிவாங்கியையும் இரண்டு தமிழ்வல்லாரையும் அனுப்பினால் போதும். 2025 நவம்பர் 28 முதல் திசம்பர் 10 வரை இளையோர் உலகக் கோப்பை சென்னையிலும் மதுரையிலும் நடந்தது. உலகமே தமிழ்நாட்டுக்கு வந்து ஆடிச் சென்றது. இதற்குமேல் ஆட்டம் தமிழனை நெருங்கி வர இயலாது. கம்பிவட நிறுவனம் ஒன்றைத் தானே நடத்தும் தமிழ்நாட்டரசும், தன் திடலை வாடகைக்குக் கொடுக்கும்போது ஒப்பந்தத்தில் ஒரே ஒரு வரி சேர்க்கலாம்: இங்கே ஆடப்பெறும் ஆட்டம் தமிழிலும் ஒலிக்க வேண்டும் என்று. திடலுக்கு உரியவன் கேட்டால் வணிகன் மறுக்கமாட்டான். கேட்கும் வாய்தான் இதுவரை திறக்கவில்லை.

விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் உள்ள தமிழ் மன்றங்கள் இத்திங்களே மூன்று மடல்கள் எழுத வேண்டும். ஒன்று தொகுதி நாடாளுமன்ற உறுப்பினருக்கு, ஒன்று தமிழ்நாட்டு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்துக்கு, ஒன்று புதுச்சேரி வானொலி நிலைய இயக்குநருக்கு. உறையின்மேல் ‘வானொலி நிலையம்’ என்றே எழுதுக. மடலில் வேண்டுகோளைத் தமிழில் எழுதி, அடுத்த ஆட்டத்தின் நாளையும் குறிப்பிடுக. விடை இந்தியில் வந்தால் பிரிக்காமல் திருப்பியனுப்புக.